ஒட்டுப் போட்ட டயர்

சந்திரன் குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். சம்பளத்தை ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். "உனக்கென்ன கொறச்சல் புள்ள, தங்கமான மனுசன்" என்று ஹனூரில் இருக்கும் சொந்தக்காரப் பெண்கள் சொல்லிச் சொல்லியே, புருஷனைப் பற்றி சொர்ணலதா வாய் திறக்க ஒரு வழியும் இல்லாமல் அடைத்துவிட்டார்கள். குடிகாரனாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி மூக்கைச் சிந்தலாம். இவனைப் பற்றி என்னவென்று சொல்வது?

அவளிடம் இருந்ததெல்லாம் இளக்காரம்தான். அது ஒரு நாளில் வந்ததில்லை. உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை ஏறுவதுபோல வருஷக்கணக்கில் படிந்தது. பேசும்போது வாயில் 'ங்க' இருக்கும். மனசுக்குள் அவன் எப்போதோ 'அவன்' ஆகிவிட்டான்.

மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் சந்திரன் சேஃப்டி சூப்பர்வைசர். மஞ்சள் ஹெல்மெட், மஞ்சள் சட்டை, கழுத்தில் ஒரு விசில். மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தால் அவன்தான் கம்பெனிக்கு மாப்பிள்ளை. மேடையேறி, கன்னடத்தில் பாதி தமிழில் பாதியாக, "ஒரு சின்ன அலட்சியம், ஒரு குடும்பமே நடுத்தெரு" என்று குரல் தழுதழுக்கப் பேசுவான். போன வருஷம் அதற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். டிவிக்கு மேலே வைத்து, வாரம் ஒருமுறை துடைப்பான்.

அப்படிப்பட்டவன் ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்து டயரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பட்டையெல்லாம் தேய்ந்து, பழனிக்குப் போய்வந்த தலைபோல வழவழவென்று கிடந்தது. ஆணி ஏறும்போதெல்லாம் ரப்பர் திரியைச் சொருகி அடைத்து அடைத்து, டயரில் திரி இருக்கிறதா திரியில் டயர் இருக்கிறதா என்று தெரியாது. தினமும் காலையில் அந்த வண்டியில்தான் சொர்ணலதாவை மெயின்ரோட்டு முனையில் இறக்கிவிடுவான். அங்கே அவளுடைய கார்மென்ட்ஸ் கம்பெனி பஸ் வரும். அவள் அங்கே செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டையைப் புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஓட்டையை மறைத்து ஊசி போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. தையல்காரிகள் என்ன சாமர்த்தியம் செய்தாலும் அவள் விரலுக்குத் தப்பாது.

மார்ச் மாதம்தான் இது நடந்தது. பன்னிமண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ரோட்டோரத்தில் கட்டடம் கட்டக் குவித்திருந்த கம்பிக் குவியலை ஒட்டி சந்திரன் வண்டியை வளைத்தான். 'சரக்'கென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் வண்டி பின்பக்கம் குதிரைபோல ஆட ஆரம்பித்தது.

"எறங்கு" என்றான். "உன் வெயிட்டுக்குத்தான் இப்படி ஆவுது."

பட்டுப்புடவையும், தேங்காய் போட்ட தாம்பூலப் பையுமாக அவள் பின்னால் நடந்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரன் சந்தோஷ்குமார் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எழுந்து வந்து, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினான். கம்பி டயரின் அடியில் ஏறவில்லை. பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது.

"சைடு போயிருக்கு சார். இது ஒட்டற எடமில்ல" என்றான். மைசூர்த் தமிழ், பாதி கன்னட ராகம். "புதுசு ஒண்ணு போட்ருங்க."

"ஏம்ப்பா, உள்ளே பேட்ச் போட்டா நிக்காதா?"

"நிக்கும். எப்ப வரைக்கும்னு தேவருக்குத்தான் கொத்து." கடவுளுக்குத்தான் தெரியும் என்பதுபோல மேலே கையைக் காட்டிவிட்டு, வாய்ச்சாற்றைச் சாக்கடையில் துப்பினான். "ஆணின்னா நானே அடைப்பேன் சார். சைடுல டயர் மடங்கி மடங்கி ஓடும். வேகமாப் போறப்ப வெடிச்சா ஆளை எத்தி எறியும். நான் கை வெக்க மாட்டேன்."

சந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். தொழிற்சாலையில் ஹெல்மெட் போடாத கூலிக்காரனைப் பார்க்கும் பார்வை அது.

"டயர் விக்கறதுக்கு இவனுக பண்ற வேலை" என்றான் சொர்ணலதாவிடம், நாலடி நகர்ந்ததும். "என்னைப் பாத்தா ஏமாளி மாதிரி தெரியுதா?"

அவள் தாம்பூலப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்த கடைக்காரனும் முடியாது என்றான். அதற்கடுத்த கடையில், வேலையாளாக இருந்த ஒரு கிழவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதையா இத்தனை நாள் ஓட்டினீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சந்திரனுக்கு மூக்கு விடைத்தது. டயர் என்பது எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு போனால் என்ன ஆகும் என்று அவருக்கே பாடம் நடத்தினான். கிழவர் கொட்டாவி விட்டார்.

இப்படியாக, வேண்டிய பதிலைச் சொல்லும் டாக்டரைத் தேடி அலையும் சர்க்கரை நோயாளிபோல, அவன் கும்பாரகொப்பல் வரை வண்டியைத் தள்ளினான். பட்டுப்புடவைக் கரையெல்லாம் புழுதி. கடைசியில் ஒருவன் ஒத்துக்கொண்டான். சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் பெரிய ஒட்டாகப் போட்டு, காற்றடித்துக் கொடுத்துவிட்டு, "ஒட்டிட்டேன். ஆனா நான் ஒட்டினதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான்.

"பாத்தியா?" என்றான் சந்திரன் வண்டியை உதைத்துக்கொண்டே. "தேடினா தொழில் தெரிஞ்சவன் கெடைப்பான்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அதைத்தான் பிறகு அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். எல்லாம் காதில் கேட்டும் ஏறி உட்கார்ந்தாள். வாய் திறக்கவில்லை. தன் உயிர்தானே என்று ஒரு அசட்டை. இவனிடம் பேசுவதைவிட இவன் பின்னால் உட்கார்ந்து விழுவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வாரமே சந்திரன் ஒரு புது ஸ்கூட்டருக்குச் சொல்லி வைத்தான். பழைய வண்டியை எடுத்துக்கொள்ளும்படி ஷோரூமில் கேட்டான். அங்கே இருந்த பையன் வண்டியைச் சுற்றி வந்து, பின்டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "டயர் மாத்தி எடுத்துட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்" என்றானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினான். விற்கிற வண்டிக்குப் புது டயர் போட அவனுக்கு என்ன பைத்தியமா? ஒட்டின டயரோடு வைத்துக்கொள்ளவும் பயம். அந்த பயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை. ஆனால் ஒட்டுப் போட்ட நாளிலிருந்து அவன் வண்டியை இருபதுக்கு மேல் ஓட்டவில்லை என்பதைப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கவனித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"சொர்ணா, நம்ம சீனுவுக்கு வண்டியக் குடுத்துட்டா என்ன?"

சீனு அவளுடைய தம்பி. குண்டலுபேட்டையில் காய்கறி மண்டியில் வேலை. பெண்டாட்டி சுசித்ரா, மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. வண்டி வாங்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை, கைகூடவில்லை.

"சும்மாவா குடுக்கறீங்க?" சொர்ணலதாவால் நம்ப முடியவில்லை.

"பின்ன? மச்சினனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?"

ஒரு கணம் அவள் மனசு இளகியது உண்மை. இத்தனை வருஷம் இந்த மனுஷனைத் தப்பாக எடை போட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். அன்று ரசத்தை இரண்டாம் தரம் அவளே ஊற்றினாள்.

கை கழுவுவதற்குள் அவன் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டான். 'என் அன்பு மைத்துனர் சீனுவுக்கு என் வாகனத்தை அன்பளிப்பாக வழங்குகிறேன்' என்று, கூப்பிய கை படத்தோடு. ஹனூரிலிருந்து, கொள்ளேகாலிலிருந்து, பாலாறு செக்போஸ்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகனிடமிருந்தெல்லாம் வாழ்த்து வந்து குவிந்தது. 'பெரிய மனசு மாமா', 'உங்களை மாதிரி யாரு வருவாங்க'. அவன் ஒவ்வொன்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

சீனு போனில் குரல் உடைந்து பேசினான். "அக்கா, பாப்பாவுக்கு மாதேஸ்வரன் மலையில மொட்டை போடோணும்னு வேண்டுதல் இருக்குதில்ல? அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க வர்றோம். வண்டிய வாங்கிட்டு, திங்கக்கிழமை காலைல மூணு பேரும் அப்படியே அதுலயே மலைக்குப் போயிட்டு வந்தர்றோம். மொத ஓட்டம் சாமிகிட்டயே இருக்கட்டும்."

"சரிடா" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காலை, சந்திரன் குளிக்கப் போகும் முன், "வண்டியத் தொடச்சு சந்தனம் குங்குமம் வெய்யி. கையில குடுக்கறப்ப போட்டோ எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு மாடியேறினான். அவர்கள் மேட்டகள்ளியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே வீட்டுக்காரம்மா பசம்மா. வண்டி கேட்டுக்கு உள்ளே அவரைப் பந்தலுக்கு அடியில் நிற்கும்.

சொர்ணலதா ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாக உட்கார்ந்தாள். முன்பக்கம் துடைத்தாள், டேங்கைத் துடைத்தாள். பின்சக்கரத்துக்கு வந்தபோது டயர் மினுமினுவென்று கறுப்பாக இருப்பதைப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் சந்திரன் இங்கே குந்தி என்னவோ செய்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ஈரத்துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். துணி கறுத்தது. ஷூ பாலிஷ் வாசனை அடித்தது.

அவள் விரல் தானாகவே தேடியது. கிழிசல் இருந்த இடத்தில் கறுப்புப் பசையைத் திணித்து, வழித்து, மேலே பாலிஷ் தேய்த்திருந்தான். நகத்தால் சுரண்டினாள். பசை உரிந்து வந்தது. அடியில் கிழிசல் முன்னைவிட நீண்டிருந்தது. அதைச் சுற்றி டயர் கொப்புளம்போல ஒரு பக்கமாக வீங்கியிருந்தது.

அவள் அப்படியே கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டி, தாளபெட்டாவிலிருந்து ஏறும் மலை வளைவுகள் அவள் சின்ன வயசிலிருந்து பார்த்தவை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. பெட்ரோல் டேங்க் மேல் பாப்பா, பின்னால் சுசித்ரா.

சந்திரன் தலையைத் துவட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

"ஏனுங்க. இந்த டயருக்கு பாலிஷ் போட்டீங்களா?"

"ஆமா. பளிச்சுன்னு இருக்கட்டும்னு."

"கிழிசல்ல பசையும் வெச்சிருக்கீங்."

அவன் துவட்டுவதை நிறுத்தினான். கேட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான். "மெதுவாப் பேசு. உள்ளே ஸ்ட்ராங்கா பேட்ச் இருக்குது. ஒண்ணும் ஆகாது."

"மலைக்குப் போறாங்க. கொழந்தையோட."

"அவன் மெதுவாத்தான் ஓட்டுவான். போயிட்டு வந்து அவனே மாத்திக்கட்டும். வண்டியையே சும்மா குடுக்கறேன், டயரும் நானே போட்டுக் குடுக்கணுமா?" அவன் குரலில் நியாயம் மறுக்கப்பட்ட மனுஷனின் வருத்தம் இருந்தது. "தானங் குடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கற கதையா இருக்குது."

"பல்லு இருந்தாத்தானுங்க பாக்கறதுக்கு."

"உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? சட்டைக்குப் பட்டன் இருக்குதான்னு பாக்கறவளுக்கு" என்று சொல்லிவிட்டு, சாமி கும்பிட மேலே போனான். மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவன் சாமி கும்பிட்டால் சாமிக்கே அலுத்துப்போகும் அளவுக்குக் கும்பிடுவான்.

தம்பியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சீனுவை அவளுக்குத் தெரியும். மாமா மேல் அவனுக்குப் பெரிய மரியாதை. "மாமா பாத்திருப்பாருக்கா, அவரே சேஃப்டி ஆளு" என்பான். இல்லாவிட்டால், "அதனாலென்ன, பாத்துப் போறேன்" என்பான். சும்மா வந்த வண்டியைக் குறை சொல்ல அவன் நாக்கு எழும்பாது. ஒட்டின டயர் ஒட்டினபடி இருக்கும்வரை ஆளாளுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அவள் மாடியேறி அடுக்களைக்குப் போனாள். பலாக்காய் அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கத்தியின் முனையைக் கிழிசலில் வைத்து அழுத்தினாள். ஏறவில்லை. இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். 'புஸ்'ஸென்று காற்று முகத்தில் அடித்தது. அழுகின ரப்பர் நாற்றத்தோடு. வண்டி ஒருபக்கமாகத் தாழ்ந்தது. அதோடு அவள் விடவில்லை. கத்தியை முன்னும் பின்னும் அறுத்து இழுத்தாள். நாலு விரல் உள்ளே போகிற அளவுக்கு வாய் பிளந்ததும்தான் நிமிர்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

நிமிர்ந்தால் எதிரே பசம்மா, அவரைக்காய் பறித்த முறத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனம்மா இது?" என்றார் பசம்மா.

"டயர் மாத்தணும்மா. அதுக்குத்தான்."

பசம்மா டயரைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். மாடியிலிருந்து வந்த மணிச் சத்தத்தைக் கேட்டார். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சந்திரன் விபூதியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாகப் படியிறங்கி வந்தான். வண்டியைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றான். கிட்டே வந்து குனிந்து பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடுத்த கணம் விடுவிடென்று எதிர்வீட்டு வாசலுக்குப் போய்க் கத்த ஆரம்பித்தான்.

"மனோஜ்குமார்! வெளிய வாய்யா! ஆம்பளையா இருந்தா வெளிய வா!"

எதிர்வீட்டு மனோஜ்குமார் தன் காரை இந்தக் கேட்டை மறித்து நிறுத்துவதில் இரண்டு பேருக்கும் ஒரு பழைய தகராறு. அந்த மனுஷன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான். ஒன்றும் புரியவில்லை. சந்திரன் பாதுகாப்பு, சட்டம், போலீஸ், சிசிடிவி என்று அடுக்கிக்கொண்டே போனான். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

சொர்ணலதா கேட்டைத் தாண்டி வந்தாள். "அவரை ஏனுங்க திட்டறீங்? நான்தான் அறுத்தேன்."

"நீ சும்மா இரு."

"நான்தானுங்க அறுத்தேன்."

சந்திரன் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். "இவளுக்கு ஒரு தேங்கா ஒடைக்கத் தெரியாது. டயர் அறுத்தாளாம்."

அவள் உள்ளே போய், கறுப்பு அப்பின கத்தியைக் கொண்டுவந்து காட்டினாள். மனோஜ்குமார் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். பசம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "ஹௌது, ஆமா, ஆயம்மாதான்" என்று சாட்சி சொன்னார். சந்திரனின் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் அறுத்தாய் என்று இவன் இத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். அதற்காகக் காத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை. கேட்கமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் சீனு வந்தான். தோளில் பாப்பா, பின்னால் சுசித்ரா, கையில் கேரட்டும் முட்டைக்கோசும் நிறைந்த பெரிய பை. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, பிறகு வண்டியைப் பார்த்து, "அட, பஞ்சரா மாமா? அதுக்கென்ன, ஒட்டிக்கலாம் வாங்க" என்றான்.

"இதை ஒட்ட முடியாதுடா" என்றாள் சொர்ணலதா. "விரல விட்டுப் பாரு."

சீனு குனிந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினான். சந்திரன் அதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டான். நிமிஷத்தில் அவன் முகம் மேடைக்கு ஏறுபவன் முகமாக மாறியதை அவள் பார்த்தாள்.

"எப்படியும் புது டயர் போட்டுத்தான் உனக்குக் குடுக்கணும்னு இருந்தேன் மாப்ள. பழசைக் குடுத்துருவேனா? அதான் உங்கக்காவே அறுத்துப் போட்டுட்டா" என்று சொல்லி, சீனுவின் தோளில் கை போட்டான். கூடியிருந்தவர்களில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். மனோஜ்குமார் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனான். அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. அதைச் சொர்ணலதாதான் சாயங்காலம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

சக்கரத்தைக் கழற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு சந்திரனும் சீனுவும் போனார்கள். மத்தியானம் புது டயரோடு வந்தார்கள். புது ரப்பரின் நெடி வாசல் வரை அடித்தது. சந்திரனுக்கு அதன்மேல் அப்படியொரு பெருமை. டயரில் இருக்கும் அம்புக்குறி எதற்கு, பட்டையில் இருக்கும் பள்ளம் எதற்கு என்று சீனுவுக்கும் சுசித்ராவுக்கும், ஏன், மூன்று வயசுப் பாப்பாவுக்கும்கூட விளக்கினான். ஒரு ரவுண்டு போய் வந்தான். இன்னொரு ரவுண்டு போய் வந்தான். இருபதில் ஓட்டிக்கொண்டிருந்தவன் தெருவில் சீறிக்கொண்டு வந்து நின்றான். இறங்கும்போது அவன் கை டேங்கைத் தடவிய விதத்தைச் சொர்ணலதா மாடியிலிருந்து பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அது வந்தது.

"ஏம் மாப்ள, நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றான் சந்திரன், சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே. "மூணு பேரு, அதுலயும் கொழந்தை, டூவீலர்ல மலை ஏறறது பாதுகாப்பு இல்ல. சட்டப்படியும் தப்பு. என் தொழில் என்ன? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியுமா?"

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் கோத்திருந்தது.

"இப்போதைக்கு பஸ்லயே போயிட்டு வாங்க. வண்டி இங்கயே இருக்கட்டும். அப்புறம் பாப்போம்."

சொர்ணலதா தோசைக்கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. மூன்று பேர் அதில் போகவே கூடாது. காலையிலிருந்து அவள் மனசில் கிடந்து அடித்துக்கொண்டது அந்தக் குழந்தைதான். அந்த உண்மையை எடுத்து இவன் தன் சௌகரியத்துக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குழந்தையை வண்டியில் அனுப்பு என்று சொன்னதாகும். அப்படி ஒரு மூலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

சீனு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். மண்டியில் கூட வேலை செய்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பான். ஆனாலும் அவன் நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு கோணலும் இல்லை.

"நீங்க சொல்றது சரிங்க மாமா. பாப்பாவ வெச்சுட்டு பஸ்ல போறதுதான் நல்லது. வண்டி உங்களுக்கே இருக்கட்டுங்க. எனக்கு அங்க மண்டி பக்கத்துலயேதான் வீடு."

"அப்புறம் பாப்போம்னுதான சொன்னேன்."

"வேண்டாமுங்க மாமா" என்றான் சீனு. அவ்வளவு பணிவாக. சுசித்ரா அவன் தட்டில் இன்னொரு சப்பாத்தி வைத்தாள். சந்திரனுக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை. ஊறுகாய் கேட்டான்.

மறுநாள் காலை சொர்ணலதா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவர்களோடு மலைக்குப் புறப்பட்டாள். "உனக்கெதுக்கு?" என்றான் சந்திரன். "அத்தை இல்லாம மொட்டையா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போகும்போது சீனுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாலிஷ், பசை, கொப்புளம், எல்லாம். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சீனு அவள் பக்கம் திரும்பினான். "மாமாவா?" என்று ஒருதரம் கேட்டான். பிறகு பாப்பாவை அவள் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். சுசித்ராதான், "நீங்க எப்படிங்க்கா இத்தனை வருசம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். அந்தக் கேள்விக்கு ஹனூரில் ஒருத்தியும் இடம் கொடுத்ததில்லை. சொர்ணலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையில் நல்லபடியாக மொட்டை போட்டார்கள். கத்தி தலையில் பட்டதும் பாப்பா வீறிட்டது. சந்தனம் பூசினதும் சிரித்தது. திரும்பும்போது ஹனூரில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டார்கள். "வண்டி எங்கடா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சீனு, "நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று சொன்னான். "மாமா எவ்வளவோ சொன்னாரு" என்றும் சேர்த்துக்கொண்டான். சொர்ணலதா ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள். சீனு ஒவ்வொரு முறையும் கண்ணால் வேண்டாம் என்றான். அக்காவின் மானத்துக்காக அவன் அதைச் செய்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் காப்பாற்றிக் கொடுத்த மானத்தில் பெரும்பங்கு சந்திரனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

புது ஸ்கூட்டருக்குச் சொல்லி வைத்ததைச் சந்திரன் அந்த வாரமே ரத்து செய்துவிட்டான். இந்த வண்டியே இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும் என்றான். வண்டியை அன்பளிப்பாகக் கொடுப்பதாகக் குழுவில் போட்ட செய்தியை அவன் அழிக்கவில்லை. 'குழந்தையின் பாதுகாப்பைக் கருதி' என்று கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தான். அதற்கும் வாழ்த்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தபோது, வண்டி கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. பின்சீட்டைத் துணியால் துடைத்து வைத்திருந்தான்.

"ஏறு."

"நான் நடந்து போறனுங்க."

"ஏன்? புது டயர்தான இருக்குது. இன்னும் என்ன பயம்?"

"டயருக்கு ஒண்ணுமில்லீங்க. டயர் நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலேயே வண்டியை மெதுவாக உருட்டியபடி வந்தான். இந்த டயர் மழையில் எப்படிப் பிடிக்கும், பிரேக் அடித்தால் எத்தனை அடியில் நிற்கும் என்று மெயின்ரோடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். கம்பெனி பஸ் அன்றைக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அவள் ஏறிக்கொண்டாள்.